ஐயோவா விவசாயிகளும் டிரேக் சொத்தும்

மக்காச்சோளம் போடுகிறவன் காதில் ஐயோவா என்ற பேர் என்றைக்காவது ஒருநாள் விழும். அமெரிக்காவுக்கு நடுவாந்திரத்தில் இருக்கிற மாநிலம். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் மக்காச்சோளம்தான் என்பார்கள். நம்ம பெரம்பலூர் பக்கம் விதைக்கடையில் வாங்குகிற பயனியர் கம்பெனி ஆரம்பித்தது அங்கேதான், 1926-ல். ஆரம்பித்த ஹென்றி வாலஸ் பிற்பாடு அமெரிக்காவுக்குத் துணை ஜனாதிபதியே ஆனார். வீரிய ஒட்டு விதை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஐயோவா பற்றிக் கிடைத்ததை எல்லாம் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். விதையைத் தேடிப் போனவனுக்கு அதே ஊரில், அதே வருஷங்களில் இருந்த வேறொரு ஆள் கண்ணில் பட்டார். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

பேர் ஆஸ்கர் ஹார்ட்ஸெல். 1876-ல் பிறந்தவர். விவசாயம் பார்த்து அதில் கையைச் சுட்டுக்கொண்டவர். கொஞ்ச காலம் ஷெரீஃபுக்கு உதவியாளாகவும் இருந்திருக்கிறார், நம்ம ஊர் கணக்கில் போலீஸ் வேலை மாதிரி. இவருடைய அம்மாவிடம் ஒரு பெண்ணும் அவள் கூட்டாளியும் வந்து, இங்கிலாந்தில் சர் பிரான்சிஸ் டிரேக் என்ற பழைய கப்பல் தளபதியின் சொத்து வாரிசு இல்லாமல் கிடக்கிறது, கோர்ட் செலவுக்குப் பணம் போட்டால் பல மடங்காகத் திரும்பி வரும் என்று சொல்லிச் சில ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டார்கள். பணம் திரும்பவில்லை. மகன் தேடிப் போனார். தேடிப் பிடித்ததும் அவருக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. இவர்கள் செய்கிற தொழிலில் நல்ல வருமானம் இருக்கிறது, ஆனால் இவர்கள் சிறிய அளவில் செய்கிறார்கள். 1919 வாக்கில் அந்தத் தொழிலை அவரே எடுத்துக்கொண்டார்.

டிரேக் யார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1577-லிருந்து 1580 வரைக்கும் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த ஆங்கிலேயர். போகிற வழியில் ஸ்பெயின்காரர்களின் கப்பல்களை மறித்துத் தங்கமும் வெள்ளியுமாகக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தார். எலிசபெத் ராணிக்குப் பங்கு போனது, இவருக்கு சர் பட்டம் வந்தது. 1596-ல் பனாமா கரையோரம் வயிற்றுக்கடுப்பு வந்து கப்பலிலேயே செத்தார். ஈயப்பெட்டியில் வைத்துக் கடலில் இறக்கிவிட்டார்கள். இரண்டு கல்யாணம் செய்தும் பிள்ளை இல்லை. சொத்து தம்பி தாமஸுக்குப் போய், அந்தக் கணக்கு அப்போதே முடிந்தது.

ஹார்ட்ஸெல் சொன்ன கதை வேறு. டிரேக்குக்கு ஒரு ரகசிய வாரிசு இருந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் அதை மறைத்துச் சொத்தை முடக்கி வைத்திருக்கிறது. 300 வருஷத்து வட்டியும் குட்டியும் சேர்ந்து இன்றைக்கு அது ஆயிரக்கணக்கான கோடி டாலர். பிளைமவுத் நகரமே அந்தச் சொத்தில் அடக்கம். வழக்கு நடத்தக் காசு வேண்டும். இன்றைக்கு ஒரு டாலர் போட்டால் 500 டாலர் வரும்.

முதலில் டிரேக் என்று குடும்பப் பேர் உள்ளவர்களைத்தான் பிடித்தார்கள். ‘நீங்களும் வாரிசுதான்’ என்றால் யாருக்குத்தான் காது நீளாது? அந்தப் பேர் ஐயோவாவில் சாதாரணமாகப் புழங்கின பேர் வேறு. 1890-களில் அந்த மாநிலத்துக்கு கவர்னராக இருந்தவர் பேரே பிரான்சிஸ் டிரேக்தான், அவர் பேரில் டெமாயின் நகரத்தில் பல்கலைக்கழகம்கூட இருக்கிறது. கடல்கொள்ளைக்காரருக்கும் அவருக்கும் இந்தக் கதையில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பழகின பேர் காதுக்கு ஒரு தைரியம் கொடுக்கும். போகப் போக டிரேக் இல்லாதவர்களும் பணம் போடலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள்.

இனிமேல்தான் எனக்கு முக்கியமான சமாச்சாரம். அந்த வருஷங்களில் ஐயோவா விவசாயி எப்படி இருந்தான்?

முதல் உலகப்போர் நடந்தபோது ஐரோப்பாவுக்கே அமெரிக்கா தானியம் அனுப்பிக்கொண்டிருந்தது. 1919-ல் ஒரு புஷல் மக்காச்சோளம், நம்ம அளவில் 25 கிலோ சொச்சம், ஒன்றரை டாலர் பக்கம் விற்றது. விலை இப்படியே போகும் என்று நம்பி, பாங்கில் கடன் வாங்கி நிலத்தின் மேல் நிலம் வாங்கினார்கள். 1921 கடைசியில் அதே புஷல் அரை டாலருக்கும் கீழே. கடன் மட்டும் அதே கடன். நகரத்தில் 1920-கள் கார், ரேடியோ, ஜாஸ் என்று ஆட்டம் பாட்டமாகப் போன காலம் என்று படிக்கிறோம். கிராமத்தில் அந்தப் பத்து வருஷமும் பஞ்சப்பாட்டுதான். 1929-க்குப் பிறகு நகரமும் விழுந்தது, கிராமம் இன்னும் கீழே போனது. 1932-33 குளிர்காலத்தில் நிலக்கரி வாங்குவதைவிட மக்காச்சோளத்தை எரிப்பது மலிவு என்று அடுப்பில் போட்டு எரித்தார்கள். தன் கையால் விளைய வைத்த சோளத்தைக் குளிர் காய எரிக்கிறவன் மனசு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு விளக்கத் தேவையில்லை. சின்ன வெங்காயத்தை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் சர்ச்சிலும் பண்ணை வீட்டிலும் கூட்டம் போட்டு, லண்டனிலிருந்து தந்தி வந்திருக்கிறது என்று ஏஜெண்ட் ஒருவர் எடுத்துப் படிக்கிறார். ஹார்ட்ஸெல் 1920-களின் நடுவில் லண்டனுக்கே குடிபோய்விட்டார். தபாலில் மோசடி செய்தால் அமெரிக்காவில் மத்திய அரசு வழக்கு வரும் என்பதால் கடிதமே எழுத மாட்டார், எல்லாம் தந்திதான். தந்தியில் என்ன இருக்கும்? ராஜாவின் ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள், இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. இந்த மாதம் முடிந்துவிடும். ஒரு சின்னச் சிக்கல், செலவுக்கு அனுப்புங்கள். அடுத்த மாதமும் ஏறக்குறைய அதே தந்தி வரும். அதுவும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வேறு. வெளியே பேசினால் வழக்கு கெடும், உன் பங்கு போய்விடும். இந்தச் சத்தியம்தான் எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிறேன். சந்தேகம் வந்தவன் பக்கத்து வீட்டுக்காரனிடம்கூடக் கேட்க முடியாமல் போய்விடுகிறது பாருங்கள்.

இத்தனைக்கும் பிரிட்டிஷ் உள்துறை 1922-லேயே, அப்படி ஒரு சொத்தே இல்லை என்று அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொல்லிவிட்டது. அரசாங்கம் இல்லை என்று சொல்லச் சொல்ல ஜனங்களுக்கு நம்பிக்கை கூடினதுதான் வேடிக்கை. இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்ல இவ்வளவு பாடுபடுவார்களா, எதையோ மறைக்கிறார்கள் என்றார்கள். 1929-ல் பங்குச்சந்தை விழுந்ததுகூட, டிரேக் சொத்து கைமாறப் போகிறது என்ற பயத்தில்தான் என்று ஹார்ட்ஸெல் சொல்லியிருக்கிறார். அதையும் நம்பினார்கள்.

கடைசியில் 1933 தொடக்கத்தில் பிரிட்டன் அவரைப் பிடித்து நாடு கடத்தியது. வழக்கு ஐயோவாவின் மேற்கு மூலையில் உள்ள சூ சிட்டியில் நடந்தது. 10 வருஷம் ஜெயில். பணம் போட்டவர்கள் சுமார் 70,000 பேர், போன பணம் 20 லட்சம் டாலர் அளவுக்கு இருக்கும் என்கிறார்கள். அப்பவும் கதை முடியவில்லை. அவர் வழக்குச் செலவுக்காக அதே ஜனங்கள் 68,000 டாலர் வசூல் செய்து கொடுத்தார்கள்! தண்டனை விழுந்த பிறகும் சிகாகோவில் இருந்தபடி அவர் ஆட்கள் வசூலை விடவில்லை.

அந்த சூ சிட்டிக்குப் பக்கத்தில் லெமார்ஸ் என்று ஒரு ஊர். அந்த மாவட்டத்தின் பேரும் பிளைமவுத்தான், தற்செயல்தான். அங்கே 1933 ஏப்ரலில், நிலத்தை ஏலம் விடக் கையெழுத்துப் போடுகிற நீதிபதியை விவசாயிகள் கோர்ட்டிலிருந்து இழுத்துவந்து, கழுத்தில் கயிறு மாட்டித் தூக்கில் போடும் அளவுக்குப் போய், கடைசி நிமிஷத்தில் விட்டார்கள். ஹார்ட்ஸெல் வழக்கு நடந்தது அதற்கு ஆறேழு மாதம் கழித்து. இரண்டையும் தனித்தனியாகப் படித்தால் ஒன்றில் கோபக்கார விவசாயி, இன்னொன்றில் ஏமாளி விவசாயி. எனக்கு இரண்டு இடத்திலும் ஒரே ஆள்தான் தெரிகிறான். பாங்குக்கும் சர்க்காருக்கும் எதிராகத் தன் பக்கம் ஒருத்தன் நிற்கிறான் என்று யார் வந்து சொன்னாலும் கையைப் பிடித்துக்கொள்ளும் நிலைமையில் இருந்த ஆள்.

ஹார்ட்ஸெல் ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்துவிடவில்லை. பிரான்ஸில் விடோக் என்று ஒருவர் இருந்தார். குற்றவாளியாக ஜெயிலுக்குப் போய், பிற்பாடு பாரிஸில் துப்பறியும் போலீஸ் பிரிவையே தொடங்கினவர். 1828-ல் வந்த அவருடைய நினைவுக் குறிப்புகளில், பிசேத்ர் ஜெயிலில் கைதிகள் உட்கார்ந்து எழுதின ‘ஜெருசலேம் கடிதங்கள்’ பற்றிச் சொல்கிறார். புரட்சிக்குப் பயந்து ஓடின ஒரு பிரபுவின் வேலைக்காரன் எழுதுகிற மாதிரி கடிதம். தங்கமும் வைரமும் வைத்த பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் ஒளித்துவிட்டு ஓடினோம், இப்போது நான் ஜெயிலில், கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன். வெளியூர்ப் பணக்காரர்களாகப் பார்த்து அனுப்புவார்களாம். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வரும் என்கிறார் விடோக். பிரான்ஸில் அப்போது புரட்சிக்கு ஓடின பிரபுக்கள் நிஜமாகவே இருந்தார்கள், புதைத்து வைத்துவிட்டுப் போன பணமும் நிஜமாகவே இருந்தது. பொய்க்கு அடியில் ஒரு நிஜம் கிடந்தால் அது வேர் பிடித்துவிடும். பிறகு அதே கடிதம் ஸ்பெயினிலிருந்து கிளம்பி அமெரிக்காவுக்கு வந்தது. ஸ்பானிஷ் கைதி என்றே அதற்குப் பேர். அதில் ஜெயிலில் கிடக்கிறவருக்கு ஒரு வயசுப் பெண்ணும் இருப்பாள், அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்லவர் வேண்டும். 1898-லேயே நியூயார்க் டைம்ஸ் இதை ரொம்பப் பழைய ஏமாற்று என்று எழுதியிருக்கிறது.

அப்புறம் நைஜீரியா. ஈமெயில் வைத்திருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீர்கள். செத்துப்போன ராணுவ ஜெனரலின் மனைவி, பாங்கில் முடங்கின கோடிகள், உங்கள் உதவி தேவை. ஈமெயில் வருவதற்கு முன்னால் 1980-களில் அது தபாலிலும் டெலக்ஸிலும் ஃபேக்ஸிலும் வந்துகொண்டிருந்தது. 1970-களில் எண்ணெய்ப் பணம் கொழித்த நாடு அது. 1986-ல் எண்ணெய் விலை விழுந்து, நாணய மதிப்பும் விழுந்து, படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் நின்றார்கள். அங்கே மக்காச்சோளத்துக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல வந்தேன். ஆனால் ஐயோவாவில் விலை விழுந்தவன் ஏமாந்தான், நைஜீரியாவில் விலை விழுந்தவர்களில் கொஞ்சம் பேர் ஏமாற்றக் கிளம்பினார்கள். அங்கேயும் அடியில் நிஜம் இருந்தது. 1998-ல் செத்த ஜெனரல் அபாச்சா உண்மையிலேயே நாட்டுப் பணத்தை அள்ளி சுவிஸ் பாங்கில் வைத்திருந்தவர்.

நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் வாங்குவதற்கான பிரிவு எண் 419. அதனால் இந்தக் கடிதங்களுக்கே 419 என்று பேர் வந்தது. நமக்கு 420. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதின இந்திய தண்டனைச் சட்டத்தில் 419 ஆள்மாறாட்ட மோசடி, 420 ஏமாற்றிப் பொருள் வாங்குவது. ‘அவன் ஒரு ஃபோர்ட்வென்டி’ என்று படிக்காத கிழவிகூடச் சொல்லும். 2024 ஜூலையில் சட்டத்தை மாற்றி அது 318 ஆகிவிட்டது. வாயில் எண் மாற இன்னும் இரண்டு தலைமுறை ஆகும்.

படிக்காத பட்டிக்காட்டான்தான் ஏமாறுவான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 1995-லிருந்து 1998 வரைக்கும், அபுஜாவில் புது விமான நிலையம் கட்டுகிறோம் என்று சொல்லி ஒரு நைஜீரியக் கும்பல் பணம் கறந்தது. கும்பலின் தலைவர் எம்மானுவல் நுவூடே நைஜீரிய மத்திய வங்கி கவர்னராகவே நடித்தார். கொடுத்தவர் பிரேசிலில் பாங்கோ நோரொயெஸ்தே என்ற பெரிய வங்கியின் அதிகாரி. போனது 24 கோடி டாலருக்கு மேல். அந்த விமான நிலையம் கடைசி வரைக்கும் காகிதத்தில்தான் இருந்தது. வங்கியே மூடிப்போனது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு மாவட்டக் கஜானாவுக்குப் பொறுப்பாக இருந்தவர், தன் சேமிப்பு தீர்ந்த பிறகு கஜானாவிலிருந்தே 12 லட்சம் டாலர் சொச்சத்தை எடுத்து இப்படி அனுப்பி 2007-ல் ஜெயிலுக்குப் போனார். கணக்குப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் இவர்கள்.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரர் கார்மாக் ஹெர்லி 2012-ல் ஒரு நல்ல கேள்வி கேட்டார். நைஜீரியா என்றாலே உலகத்துக்கே தெரியும், பிறகு ஏன் இவர்கள் ‘நான் நைஜீரியாவிலிருந்து எழுதுகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள்? அவர் சொன்ன பதில் நம்ம ஊர் முறத்தில் புடைக்கிற வேலைதான். கடிதம் அனுப்பச் செலவே இல்லை. பதில் போடுகிற ஒவ்வொருவருடனும் வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் சுதாரிக்கிறவன் வந்தால் நேரம் வீண். அதனால் கதையை வேண்டுமென்றே அபத்தமாக வைத்தால் சந்தேகப்படுகிறவன் முதலிலேயே பதராகப் பறந்துவிடுவான். தங்குகிறவன் கடைசி வரைக்கும் வருவான். ‘இதைப் போய் எவனாவது நம்புவானா’ என்று நீங்கள் சிரித்துவிட்டு அழிக்கிறீர்கள் இல்லையா, நீங்கள் சிரிக்க வேண்டும் என்றுதான் அது அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு மூன்று நான்கு உருவம் உண்டு. கோபுரக் கலசத்தில் இடி விழுந்து இரிடியம் ஆகிவிட்டது, அரிசியை இழுக்கும், நாசா கோடிக்கணக்கில் வாங்கிக்கொள்ளும், சோதனை செய்ய வருகிற விஞ்ஞானிக்கும் அவர் போடுகிற விசேஷ உடுப்புக்கும் மட்டும் பணம் கட்டுங்கள் என்பது ஒன்று. மண்ணுளிப் பாம்பு ஒன்று. ஆனால் விவசாயிக்கென்றே அளவெடுத்துத் தைத்தது செல்போன் டவர்தான். ‘உங்கள் நிலம் டவர் அமைக்கத் தேர்வாகியிருக்கிறது, அட்வான்ஸ் 30 லட்சம், மாத வாடகை 25 ஆயிரம், வீட்டில் ஒருவருக்கு வேலை’ என்று மெசேஜ் வரும். எனக்கும் வந்திருக்கிறது, இந்த ஊரில் பட்டன் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் வந்திருக்கிறது. டவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, நாங்கள் தடையில்லாச் சான்று எதுவும் கொடுப்பதில்லை என்று டிராய் பலமுறை அறிவித்தாகிவிட்டது. மெசேஜ் நிற்கவில்லை.

2018-ல் படைப்புழு வந்ததே, ஞாபகம் இருக்கும். நகரத்தில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை, சொல்கிறேன். அமெரிக்கக் கண்டத்துப் புழு, ஆப்பிரிக்கா வழியாக அந்த வருஷம்தான் இந்தியாவுக்கு வந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றுவிட்டது. காலையில் போய்க் குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம் கிடக்கும். மருந்துக்கு மேல் மருந்து அடித்தோம். உரக்கடையில் கடன், நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன். அதற்கு அடுத்த கோடையில் எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு டவர் மெசேஜ் வந்தது. பேர் வேண்டாம்.

முதலில் கேட்டது பதிவுக்கட்டணம் 2,500. அது ஒன்றும் பெரிசில்லை, ஒரு மூட்டை விதைக்கும் மருந்துக்கும் போகிற காசு. கட்டினார். ஜம்மென்று ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது, சிங்க முத்திரை, சர்வே நம்பர், அவர் அப்பா பேர் எல்லாம் போட்டு. அடுத்து ஒப்பந்தப் பத்திரத்துக்கு 14,500. அதற்கடுத்து ஜிஎஸ்டி. அதற்கடுத்து இன்சூரன்ஸ். மூன்றாவது தடவை என்னிடம் வந்து கைமாற்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

“அண்ணே, 30 லட்சம் தரப்போறவன் அதுலயே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுக்க வேண்டியதுதானே, நம்மகிட்ட எதுக்குக் கேக்கணும்?” என்றேன்.

“நீ பட்டா மாத்தும்போது என்னா பண்ணுன? நெலம் உன் அப்பா நெலம். உன் நெலத்த உன் பேருக்கு எழுத உங்கிட்டதானே மொதல்ல காசு வாங்குனாங்க?” என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நிஜமாகவே இல்லை. பட்டா மாற்ற ஒரு அலுவலகத்தில் ஏழு தடவை நடந்தவன் நான். நமக்குச் சேர வேண்டியதை வாங்குவதற்கு நாம்தான் முதலில் கட்ட வேண்டும், ஒவ்வொரு மேசைக்கும் ஒரு தொகை, ‘இன்னும் ஒரே கையெழுத்துதான்’, இது இங்கே பிறந்ததிலிருந்து பார்த்த நடைமுறை. மோசடிக்காரன் புதுசாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்குப் பழக்கமான வரிசையிலேயே தன் மேசையையும் போட்டு உட்கார்ந்துகொள்கிறான்.

இன்னொன்றும் உண்டு, இது விவசாயிக்கே உரியது. எங்கள் பிழைப்பே முன்பணம் கட்டுகிற பிழைப்பு. கையில் இருக்கிற நிச்சயமான காசை எடுத்து மண்ணில் போட்டுவிட்டு நான்கு மாதம் வானத்தைப் பார்க்கிறோம். மழை இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் போட்டு டேங்கரில் தண்ணீர் அடிக்கிறோம். புழு வந்தால் இன்னும் கொஞ்சம். ‘இத்தனை போட்டாச்சு, இப்ப விட்டா எல்லாம் போச்சு’ என்பது மானாவாரிக்காரன் வாயில் வருஷத்துக்கு இரண்டு முறை வரும், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். கடைசித் தண்ணீர் பாய்ச்சினதால் காப்பாற்றின வெள்ளாமை எனக்கே உண்டு. அதே புத்தி டவருக்கும் கடைசித் தண்ணீர் பாய்ச்சச் சொல்கிறது. ஐயோவாக்காரன் வருஷக்கணக்காக லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது எனக்கு ஆச்சரியமாகத் தோன்றாததற்கு இதுதான் காரணம்.

ஆசை இல்லை என்று சொல்லவில்லை. பேராசை பெருநஷ்டம் என்று ஒரே வரியில் முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணன் 30 லட்சத்தை வைத்துக் கார் வாங்கப் போவதாக ஒருநாளும் சொன்னதில்லை. நகையைத் திருப்ப வேண்டும், போர் இன்னும் 200 அடி இறக்க வேண்டும், சின்னவள் நர்சிங் படிக்கக் கட்ட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அந்தக் கணக்கை விவசாயத்தில் போட்டால் எந்த வருஷமும் தேறாது. தேறுகிற ஒரே இடம் அந்த மெசேஜ்.

மொத்தம் 86,000 போனது. யாரிடமும் சொல்லக்கூடாது, பக்கத்து நிலத்துக்காரன் போட்டிக்கு வருவான் என்று அவருக்கும் சொல்லியிருந்தார்கள். அந்த ஐயோவா சத்தியம்தான். கடைசியில் அந்த நம்பர் அணைந்துபோனது. போலீசுக்குப் போகலாம், புகார் கொடுத்தால் சில சமயம் பணம் போய்ச் சேர்ந்த பாங்கிலேயே நிறுத்திவைப்பார்கள் என்று சொன்னேன். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதற்கு வாய்ப்பு அதிகம், இவரோ மூன்று மாதமாகக் கட்டியிருந்தார். “சிரிப்பானுங்கடா” என்றார். போகவில்லை. வீட்டில் அண்ணிக்கு உரக்கடைக் கடன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வேறொருவன் கூப்பிட்டான். போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் 3,000. ஒரு தடவை ஏமாந்தவர்கள் பட்டியலை இந்தக் கும்பல்கள் தங்களுக்குள் விற்றுக்கொள்கின்றன. அந்தத் தடவை அண்ணனே போனை வைத்துவிட்டார்.

ஹார்ட்ஸெல்லின் கடைசியைச் சொல்லவில்லையே. ஜெயிலில் அவரைச் சோதித்த டாக்டர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு செய்து, மிசௌரியில் கைதிகளுக்கான ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். டிரேக் சொத்து நிஜம் என்று கடைசியில் அவரே நம்ப ஆரம்பித்திருந்தாராம். 1943-ல் அங்கேயே இறந்தார். ஆரம்பத்தில் அவர் அம்மா பணம் போட்ட அதே சொத்துதான்.

டவருக்கு இடத்தைத் தயார் செய்து போட்டோ அனுப்பச் சொன்னதால், அண்ணன் ரோட்டோர மூலையில் நாற்பதுக்கு நாற்பது அளந்து ஆறு லோடு செம்மண் கிராவல் அடித்து மேடாக்கியிருந்தார். எங்கள் பக்கம் முழுக்கக் கரிசல். கருப்பு நிலத்துக்கு நடுவில் அந்தச் சிவப்பு மேடு துறையூர் பஸ்ஸில் போகும்போதே தெரியும். வண்டி வைத்து வாரி எடுக்க இன்னொரு செலவு. இந்த வருஷமும் அதைச் சுற்றித்தான் ஏர் ஓட்டியிருக்கிறார். அறுப்பு நேரத்தில் கதிரைக் காயப்போடக் களம் மாதிரி உதவுகிறது என்கிறார்.